கட்டுப்பல்லும் எஞ்சிய பல்லும்

‘பல் போனால் சொல் போச்சு’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இப்பழமொழி வெறும் ஏளனம் அன்று. ஒலியின் இலக்கணமே அதனுள் அடங்கியுள்ளது. தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் புரட்டினால், மேற்பல்லின் அடியில் நாவின் நுனி பரந்து பொருந்தும்போது தகரமும் நகரமும் பிறக்கும் என்றும், பல்லும் இதழும் கூடும்போது வகரம் பிறக்கும் என்றும் கூறியிருத்தலைக் காணலாம். முன்பல் இரண்டு விழுந்த ஒருவர் ‘தந்தை’ என்றோ ‘வாழ்வு’ என்றோ சொல்ல முயலும்போது காற்று வழிதவறிப் போவதன் காரணம் இதுவே. முன்பல் போனால் சொல் தடுமாறும். கடைவாய்ப்பல் போனால் சோறு தடுமாறும். இரண்டும் போன பின்னர் ஒருவர் சபையில் வாய் திறக்கவும் நாணுவார். பந்தியில் அமரவும் நாணுவார். ஆகவே பல்லிழப்பினை அழகு பற்றிய ஒரு சிறு குறையென ஒதுக்கிவிடுதல் இயலாது.

பற்கள் அனைத்தையும் இழந்தோர்க்கு முழுப் பல்செட்டு ஒன்றே பெரும்பாலும் நினைவுக்கு வரும். ஆனால் சில பற்களை இழந்து, சில பற்களை வைத்துக்கொண்டிருப்போர் நம்மிடையே மிகப் பலர். இவர்களுக்கென அமைந்ததே பகுதிப் பல்செட்டு. அஃதாவது, எஞ்சிய பற்களைக் கொக்கியாற் பற்றி நின்று, இழந்த பற்களின் இடத்தை நிரப்பி, வேண்டும்போது கழற்றவும் மாட்டவும் கூடிய பல்செட்டு. இதனை ஏற்பதா, வேறு வழி நாடுவதா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். நாம் மருத்துவர் அல்லோம். மைய அரசின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பது நம் தொழில். மருத்துவர் மொழியை மக்கள் மொழியிற் பெயர்த்துரைப்பதும் அத்தொழிலுக்கு அயலானது அன்று என்னும் துணிவாற் பேசுகின்றோம்.

நாம் வாழ்வது திருவனந்தபுரத்துப் பழவங்காடியில். கிழக்குக் கோட்டைக்கு அருகே, படைவீரரின் பராமரிப்பில் உள்ள பிள்ளையார் கோயில் இப்பகுதிக்குப் பெயர் தேடித் தந்துள்ளது. நாள்தோறும் அங்கே தேங்காய் உடைபடும் ஓசை ஓய்வதில்லை. சற்றுத் தள்ளிச் சாலை என்று வழங்கும் கடைத்தெரு. அங்கே தலைமுறைகளாக வாணிகம் செய்யும் தமிழர் பலர். கோட்டைக்குள் தமிழ் பேசும் அக்கிரகாரங்களும் உண்டு. ஒற்றைக் கொம்பனாகிய பிள்ளையாரின் அண்டையில் இருந்துகொண்டு பற்குறை பற்றிப் பேசுவது பொருத்தமே. கொம்பினை ஒடித்து எழுத்தாணியாக்கிப் பாரதம் எழுதினார் என்பது அவரைப் பற்றிய கதை. ஒன்று போயினும் எஞ்சியதைக் கொண்டு காரியம் முடிக்கலாம் என்னும் குறிப்பு அக்கதையில் இருப்பதாகக் கொள்வோம். இன்றைய உரையின் கருத்தும் ஏறக்குறைய அதுவேயாகும்.

இப்பொருளுக்கு வழங்கும் பெயர்களைச் சற்றே நோக்குவோம். நம்மவர் இதனைப் பொய்ப்பல் என்பர், கட்டுப்பல் என்பர், கடைத்தெரு வழக்கில் பல்செட்டு என்பர். மலையாளத்தார் ‘வெப்புப் பல்லு’ என்கின்றனர். அஃதாவது வைத்த பல். பொய்ப்பல் என்னும்போது ஓர் இகழ்ச்சி ஒட்டிக்கொள்கின்றது. ஏதோ ஏமாற்று நடைபெறுவது போலத் தோன்றுகின்றது. வைத்த பல் என்னும்போது செய்தி மட்டுமே நிற்கின்றது: வைத்ததை எடுக்கலாம், எடுத்ததைக் கழுவலாம், கழுவியதை மீண்டும் வைக்கலாம். கழற்றக்கூடிய பல்செட்டின் நன்மையும் தீமையும் இந்த ஒரு பண்பிலிருந்தே தோன்றுவன என்பதை மேலே காண்போம்.

முதலில் எழும் வினா, இழந்த பல்லுக்கு மாற்று வேண்டுமா என்பது. பல் ஒன்று விழுந்தால் அதன் இருபுறத்துப் பற்களும் காலப்போக்கில் வெற்றிடத்தின் பக்கம் சாயக்கூடும். எதிர்த் தாடையில் உள்ள பல், தன்னைத் தடுத்து நிற்பது இல்லாமையால், மெல்ல நீண்டு இறங்கக்கூடும். இடுக்குகளில் உணவு தங்கும், சொத்தை வரும். பல்லைத் தாங்கிய எலும்பும், பணியற்றுப்போன காரணத்தால், கரையத் தொடங்கும். அக்கரைவு முதலாண்டில் மிகுதியாக நிகழும். ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லும் பழக்கம் வேரூன்றிவிடும். இவை யாவும் எல்லார்க்கும் நிகழ்ந்தே தீரும் என்பதில்லை. நிகழக்கூடியவை என்பதே சரி.

ஆதலின் ஒவ்வொரு வெற்றிடத்தையும் நிரப்பியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஹாலந்து நாட்டு நைமேகன் நகரத்துப் பல் மருத்துவ அறிஞர் காய்சர் என்பார், கடைசிக் கடைவாய்ப்பற்கள் போயினும் முன்பற்களும் அவற்றை அடுத்த சிறு கடைவாய்ப்பற்களும் நன்கு இருக்குமாயின், பலர் குறையின்றி உண்டு வாழ்கின்றனர் என்று 1981இல் எடுத்துக்காட்டினார். ஜப்பான் நாட்டில் 1989இல் ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது. எண்பது வயதில் இருபது சொந்தப் பற்களேனும் இருத்தல் வேண்டும் என்பது அதன் குறிக்கோள். முப்பத்திரண்டு என்று கேளாமல் இருபது என்று அவர்கள் கேட்டமை கருதத்தக்கது. உண்ணவும் பேசவும் இடர் இல்லை, எஞ்சிய பற்களும் இடம்பெயரவில்லை என்று மருத்துவர் காண்பாராயின், ஒன்றும் செய்யாதிருப்பதும் ஒரு சிகிச்சையே. ‘பல் போயிற்று, உடனே கட்டு’ என்னும் அவசரம் நன்றன்று.

மாற்று வேண்டுமென முடிவாயின் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கழற்றும் பல்செட்டு. இரண்டாவது, பாலம், வெற்றிடத்தின் இருபுறத்துப் பற்களையும் செதுக்கி அவற்றின்மேல் உறை ஏற்றி, நடுவே பொய்ப்பல்லைத் தொங்கவிட்டு நிலையாக ஒட்டிவிடுவது. மூன்றாவது, இம்பிளாண்ட், தாடை எலும்பினுள் டைட்டேனியத் திருகாணி ஒன்றைப் பதித்து, அது எலும்போடு பிணைந்த பின்னர் அதன்மேல் பல்லை அமைப்பது. சுவீடன் நாட்டுப் பிரானெமார்க் என்னும் அறிஞர் 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இவ்வாறு பதித்தார். அந்நோயாளி 2006இல் மறையும் வரையில் அவை அவருக்குப் பயன்பட்டன.

கழற்றும் பல்செட்டு பழமையான குடும்பத்தைச் சார்ந்தது. அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபோது அவர் வாயில் எஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று. நீர்யானையின் தந்தத்திற் செதுக்கிய பல்செட்டு ஒன்றினை அவருக்குச் செய்து தந்தனர். அந்த ஒற்றைப் பல் நுழைவதற்கென அதில் ஒரு துளையும் விட்டனர். மரத்தாற் செய்த பற்களை அவர் அணிந்தார் என்பது கட்டுக்கதை. பின்னர், 19ஆம் நூற்றாண்டின் நடுவில், கந்தகமேற்றிய கெட்டி ரப்பர் வந்தது. 1930களில் அக்ரிலிக் வந்து ரப்பரைப் பின்னுக்குத் தள்ளியது. கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகம் 1929 அளவிலேயே பல்செட்டின் சட்டத்திற்குப் பயன்படலாயிற்று. இன்று வரை இவ்விரண்டுமே பெருவழக்கு.

இனிக் கழற்றும் பல்செட்டைத் தராசில் ஏற்றுவோம். முதலில் நன்மைத் தட்டு. செலவு குறைவு, மூன்று வழிகளுள் அக்ரிலிக் பல்செட்டே எளியோர் கைக்கு எட்டுவது. அறுவை இல்லை, நல்ல பற்களைப் பெரிதும் செதுக்க வேண்டுவதில்லை. ஒரே பல்செட்டு பல வெற்றிடங்களை ஒருங்கே நிரப்பும். எலும்பும் ஈறும் கரைந்து குழிந்த இடத்தை அதன் இளஞ்சிவப்புத் தகடு நிரப்பி, ஒட்டிய உதட்டையும் கன்னத்தையும் தாங்கும். பின்னாளில் மற்றொரு பல் விழுமாயின், அக்ரிலிக் பல்செட்டில் அப்பல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். புதிதாகச் செய்ய வேண்டுவதில்லை. வெளியே எடுத்துக் கழுவலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இது திரும்பி வரக்கூடிய வழி. பிடிக்கவில்லையாயின் கழற்றி வைத்துவிட்டு, பின்னொரு காலத்தில் பாலத்தையோ இம்பிளாண்டையோ நாடலாம். பாலத்திற்கென ஒரு முறை செதுக்கிய பல்லோ மீண்டும் முழுப்பல் ஆவதில்லை.

அடுத்துத் தீமைத் தட்டு. இதன் மெல்லும் ஆற்றல் சொந்தப் பல்லுக்கு ஈடாகாது. வாயில் அந்நியப் பொருள் இருக்கும் உணர்வு சில நாள், சிலர்க்குச் சில வாரம் நீடிக்கும். அண்ணத்தை மூடும் தகடாயின் பேச்சும் மாறும். நாவின் நுனி மேலெழுந்து வளைந்து அண்ணத்தைத் தீண்டும்போதும் வருடும்போதும் பிறப்பவை டகரம், ணகரம், ழகரம் முதலியன. அவ்விடத்தில் தகடு வந்து அமர்ந்தால், நா தன் பழைய வீட்டில் புதுச் சுவர் எழுந்தது கண்டு திகைக்கும். ‘தமிழ்’ என்னும் சொல்லே சில நாள் தடுமாறலாம். உரக்கப் படித்துப் பழகினால் நா புது வீட்டைக் கற்றுக்கொள்ளும். நாள்தோறும் செய்தித்தாளில் ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்தல் நல்ல பயிற்சி.

இவற்றினும் பெரிய தீமை ஒன்று உண்டு. அது வெளியே தெரியாதது. பல்செட்டு எதன்மேல் நிற்கின்றது என்று பாருங்கள். வெற்றிடத்தின் இருபுறமும் பல் இருக்குமாயின், இரு கரைகளிலும் ஊன்றிய பலகை போல அது பற்களின்மேல் நிற்கும், ஆட்டம் குறைவு. ஆனால் கடைவாயில் கடைசிப் பற்கள் போய், அப்புறத்தில் பல்லே இல்லாதபோது, பல்செட்டின் ஒரு முனை பல்லின்மேலும் மறுமுனை மெத்தென்ற ஈற்றின்மேலும் நிற்க வேண்டியதாகின்றது. மெல்லும்போது பல் மயிரிழையளவே அமிழும். ஈறோ அதனினும் பன்மடங்கு அமிழும். இதனால் பல்செட்டு ஏற்றக்கோல் போல ஆடி, கொக்கி மாட்டிய பல்லை நாள்தோறும் சிறிது சிறிதாக நெம்பும். அமெரிக்கப் பல் மருத்துவர் கென்னடி 1925இல் பல்லிழந்த வாய்களை நான்கு வகையாகப் பிரித்தார். கடைவாயில் ஊன்றுகோல் அற்ற இவ்வகைகளையே முதலிரண்டாக வைத்தார். உம் வாய் எவ்வகையினது என்பதை மருத்துவரிடம் கேட்டறிதல் முதற்கடமை. ஏனெனில் அண்டை வீட்டாருக்கு நன்கு பொருந்திய பல்செட்டு உமக்கும் பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை.

கொக்கியின் அடியில் அழுக்குத் தங்கினால் அப்பல்லுக்குச் சொத்தையும் ஈறு நோயும் எளிதில் வரும். இரவும் பகலும் கழற்றாது அணிவோர்க்குத் தகட்டின் கீழ்க் காளான் வகைக் கிருமி பெருகி, அண்ணம் செங்கனலாய்ச் சிவக்கும். இவ்வாறு, நான்கு பல் இழந்தவர் பல்செட்டு அணிந்து, பேணத் தவறி, ஐந்தாவதையும் ஆறாவதையும் இழப்பது உண்டு. மாற்று வைக்கப் போய் இருந்ததை இழத்தல் எவ்வளவு இரங்கத்தக்கது! ஆதலின் இத்துறையில் ஒரு நெறி வகுத்துள்ளனர்: போனதை நுட்பமாக மீண்டும் அமைப்பதினும் இருப்பதை நெடுங்காலம் காப்பதே தலையாய நோக்கம் என்பது அது. இந்நெறியையே இன்றைய தராசின் நடுமுள்ளாக வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

பல்செட்டுகளுள் எதனைத் தேர்வது? அக்ரிலிக் பல்செட்டு மலிவானது, விரைவில் ஆவது, பழுது பார்க்க எளியது. ஆனால் தடித்தது, கீழே விழுந்தால் உடையக்கூடியது, பெரும்பாலும் ஈற்றின்மேலேயே முழுச் சுமையையும் ஏற்றுவது. வார்ப்பு உலோகச் சட்டம் கொண்டது மெல்லியது, உறுதியானது. பல்லின்மேல் அமர்ந்து சுமையைப் பல்லுக்குக் கடத்தும் சிறு தாங்கிகளை உடையது. ஈற்றினைப் பெரும்பாலும் திறந்தே விடுவதால் தூய்மைக்கு ஏற்றது. செலவு கூடுதல், புதிதாகப் பல் சேர்ப்பதும் எளிதன்று. நைலான் வகை வளையும் பல்செட்டு இன்று விளம்பரம் பெற்றுவருகின்றது. உலோகக் கொக்கி தெரியாது, அணிய இதமானது. எனினும் தாங்கிகள் இல்லாமையால் ஈற்றில் அமிழக்கூடும். உடைந்தாலும் தளர்ந்தாலும் சீர்செய்தல் அரிது. பல் பிடுங்கிய புண் ஆறும் வரையிலான சில மாதங்களுக்கு அக்ரிலிக், ஆறிய பின்னர் உலோகச் சட்டம் என்று இரு படியாகச் செல்வது பலர்க்கு நன்று.

ஒன்றிரண்டு பற்களே போய், இருபுறத்துப் பற்களும் உறுதியாக இருப்பின் பாலம் நன்று. அப்பற்களுக்கு முன்பே பெரிய அடைப்போ உறையோ தேவையாக இருப்பின் மிகவும் நன்று. எலும்பு வளமும் பொருள் வளமும் இருந்து, சர்க்கரை நோய் கட்டுக்குள் இருந்து, புகைப்பழக்கம் இல்லாதார்க்கு இம்பிளாண்ட் சிறந்தது. அண்டைப் பற்களை அது தொடுவதே இல்லை. பல பற்கள் இங்கும் அங்குமாகப் போனவர், எலும்பு குறைந்தவர், அறுவைக்கு உடல் இடந்தராதவர், கைப்பொருள் அளவானவர் ஆகியோர்க்குக் கழற்றும் பல்செட்டே தக்கது. இவர்கள் அதனை ஏழையின் வழியென எண்ணிக் கூச வேண்டுவதில்லை. ஆனால் அடிக்கடி வலிப்பு வருவோர்க்குச் சிறிய கழற்றும் பல்செட்டு ஆபத்து, தொண்டையில் சிக்கக்கூடும். அக்ரிலிக் எக்ஸ்ரே படத்தில் தெளிவாகத் தெரியாது என்பதையும் நினைவிற் கொள்க. பல்செட்டைக் காணவில்லை, விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், ‘படத்தில் ஒன்றும் இல்லை’ என்பதோடு அமைதியடையாமல், விழுங்கியது எதனாற் செய்தது என்பதையும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

இனி, வெளிமாநிலங்களில் வாழும் நமக்கே உரிய ஒரு சிக்கலைக் கூறுவோம். சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதும் நண்பர் ஒருவர், கீழ்த்தாடையில் இருபுறமும் கடைவாய்ப்பற்களை இழந்தவர். பத்து நாள் விடுப்பில் சொந்த ஊருக்குச் சென்றார். அங்கே பழகிய மொழி, பழகிய மனிதர். அளவெடுத்து, பல்செட்டு வாங்கி, மறுநாளே வண்டியேறித் திரும்பினார். நான்காம் நாள் ஈற்றில் புண். ஏழாம் நாள் பல்செட்டு மேசை அறைக்குள் போயிற்று. மூன்று திங்கள் கழித்து, நண்பர்களின் வற்புறுத்தலால், இங்குள்ள மருத்துவர் ஒருவரிடம் காட்டினார். உறுத்திய இரண்டு இடங்களை அவர் சிறிது தேய்த்துவிட்டார். அடுத்த வாரம் மறுபடியும் ஓர் இடம். அவ்வளவே. அப்பல்செட்டோடுதான் நண்பர் இன்றும் பந்தியில் அமர்கின்றார். பல்செட்டில் பெரும் பிழை ஏதும் இருந்ததில்லை. செய்தவரிடம் திரும்பிப் போக வழியில்லாமைதான் பிழை.

பல்செட்டு என்பது கடையில் வாங்கிக் கையோடு கொண்டுபோகும் பண்டம் அன்று. செருப்பினும் நுட்பமாகக் கடிக்கக்கூடியது. முதல் சில வாரங்களில் இரண்டு மூன்று முறையேனும் திருத்தம் வேண்டியிருக்கும். ஈறும் எலும்பும் மாறுந்தோறும் உட்புறத்திற்குப் புதுப்பூச்சு இட வேண்டும். ஐந்து முதல் பத்தாண்டுக்குள் புதியது தேவைப்படும் என்பது பொதுக் கணக்கு. ஆதலின் நீர் ஆண்டின் பெரும்பகுதி எங்கு வாழ்கின்றீரோ அங்கேயே செய்துகொள்க. ஊரிலேதான் செய்வதாயின் ஒரு திங்களேனும் தங்குக. எக்ஸ்ரே படத்தையும், எந்தப் பொருளாற் செய்தது என்னும் குறிப்பையும் கேட்டு வாங்கி வருக.

மொழி தெரியாத மருத்துவரிடம் செல்ல அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ‘வலி’ என்னும் நம் சொல்லையே பாருங்கள். மலையாளத்தில் அதற்கு இழுத்தல் என்று பொருள். ‘பல்வலி’ என்று நாம் சொல்வது புதியவர் செவியில் ‘பல்லை இழு’ என்பது போல விழக்கூடும்! நோவுக்கு அங்கே ‘வேதன’ என்பர். திருவனந்தபுரத்து மருத்துவர் பலர் தமிழ் அறிவர் என்பதால் இங்கே விபரீதம் நேர்வதில்லை. ஏனைய மாநிலங்களில் அவ்வாறன்று. நோவு, வீக்கம், இரத்தம், ஆட்டம், உறுத்தல் என்னும் ஐந்து சொற்களை அவ்வூர் மொழியில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்க. விரலாற் சுட்டிக் காட்டுக. அதுவே போதும்.

பெருநகரங்களில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் குறைந்த செலவில் இப்பணியைச் செய்கின்றன. கல்கத்தாவில் டாக்டர் ரபியுதீன் அகமது 1920இல் நிறுவியதே இந்நாட்டின் முதற் பல் மருத்துவக் கல்லூரி. சென்னையில் 1953இலும் திருவனந்தபுரத்தில் 1959இலும் அரசு இக்கல்வியைத் தொடங்கிற்று. மாணவர் கையிற் காலம் சற்று மிகுதியாகச் செல்லலாம். ஆயினும் ஆசிரியர் கண்காணிப்பு உண்டு. வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள முதியோர்க்குப் பல்செட்டு அளிக்கக் கேரள அரசின் சமூக நீதித்துறை ‘மந்தஹாசம்’ என்னும் திட்டத்தை வகுத்துள்ளது. அதன் பெயருக்குப் புன்னகை என்பது பொருள். அலுவலில் இருப்போர் தத்தம் அலுவலக மருத்துவ விதிகளையும் பார்த்துக்கொள்க. சாலையோரத்தில் அமர்ந்து, உடனே இறுகும் அக்ரிலிக்கைக் குழைத்து, அண்டைப் பல்லோடு சேர்த்துப் பூசிவிடுவோரை மட்டும் அணுகாதீர். கழற்ற இயலாதவாறு பூசிய அப்பல், தன் கீழுள்ள ஈற்றை அழுகச் செய்து, தான் பற்றிய பற்களையும் உடன் கொண்டுபோகும்.

பேணும் முறை எளிது. உறங்குமுன் கழற்றுக, ஈறு இளைப்பாறட்டும். மென்மையான பிரஷும் சோப்பும் கொண்டு கழுவுக. பற்பொடி, கரி, உப்பு இட்டுத் தேய்க்காதீர். கழுவும்போது கீழே நீர் நிறைந்த பாத்திரம் இருக்கட்டும். கை நழுவினாலும் உடையாது. இரவில் குளிர்ந்த நீரில் இட்டு வைக்க. வெந்நீர் பட்டால் வடிவம் கோணும். கொக்கி பற்றும் பல்லை ஏனைய பற்களினும் இருமடங்கு கருத்தோடு துலக்குக. முதல் வாரத்தில் இட்டிலியும் குழைந்த சோறும். பின்னர்ச் சிறு துண்டுகளாக ஏனையவை. இருபுறமும் ஒருசேர மெல்லுக. முறுக்கும் நேந்திரங்காய் வறுவலும் காத்திருக்கட்டும். உறுத்துகின்றது என்று அரத்தையோ கத்தியையோ எடுத்து நீரே தேய்க்க முற்படாதீர். ஆறு திங்களுக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்டுக.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வாயில் தோன்றும் புண் யாவும் பல்செட்டின் உறுத்தலே என்று கொள்ளற்க. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணையும், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டையும், தாம்பூலமும் புகையிலையும் பழகியோர் சிறப்பாக, உடனே காட்டுதல் வேண்டும். திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையம் 1981இல் தோன்றியது. அதன் ஆய்வாளர் 1996 முதல் இம்மாவட்டத்து ஊர்களில், பயிற்சி பெற்ற பணியாளர் வாயினைக் கண்ணாற் பார்த்துச் சோதிக்கும் முறையை ஆராய்ந்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப்புற்றால் நேரும் சாவு இதனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் வெளியிட்டனர். பல்செட்டைக் காட்டச் செல்லும் ஒவ்வொரு முறையும் வாய் முழுவதையும் பார்க்கச் சொல்லிக் கேட்பது, செலவில்லாத பெருங்காப்பு.

இறுதியாக ஒன்று. நம் வீடுகளில் பற்களை இழந்தும் வாய்விட்டுச் சொல்லாதவர் யார் என்று எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் தாயும் பாட்டியுமே நினைவுக்கு வருவர். ஊரிலிருந்து நம்மோடு வந்து தங்கியிருக்கும் அன்னையைக் கேட்டால், இந்த வயதில் தமக்கு எதற்கு, அப்பணம் பேரனின் படிப்புக்கு ஆகட்டும் என்பார். சோற்றைக் கரைத்துக் குடிப்பார். காயையும் பயற்றையும் ஒதுக்குவார். விருந்தினர் வந்தால் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு உள்ளே போவார். மொழி தெரியாத ஊரில் அவருடைய பேச்சுத் துணையே சிறிது. பல் போனால் அதுவும் சுருங்கும். அவருக்குப் பல்செட்டு வாங்கித் தருவது எளிது. நான்கு முறை மருத்துவரிடம் உடன் செல்வதே அரிது. பணத்தை மட்டும் கொடுத்துக் காலத்தைக் கொடாத இடத்தில், பல்செட்டு மேசை அறைக்குள்தான் போய்ச் சேரும். இதன் விலையில் ரூபாய் ஒரு பாதி, பொறுமை மறுபாதி. இரண்டாவது பாதியையும் தர இயலுமா என்று வீட்டார் கூடி முன்னரே முடிவு செய்தல் நலம்.

ஆகவே மருத்துவரிடம் செல்லும்போது மூன்று வினாக்களைக் கொண்டு செல்லுங்கள். இந்த வெற்றிடத்தை நிரப்பியே தீர வேண்டுமா? நிரப்புவதாயின், எஞ்சிய பற்களுக்குக் குறைந்த தீங்கு செய்யும் வழி எது? அவ்வழியைப் பத்தாண்டு பேணுவதற்கு எம்மிடம் பொருளும் காலமும் போதுமா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னர், விடை கழற்றும் பல்செட்டு என்று வருமாயின், தயங்காது ஏற்றுக்கொள்ளுங்கள். இழந்த பல்லைப் பற்றிய வருத்தம் நம்மை மருத்துவரிடம் கொண்டு சேர்க்கட்டும். அங்கே சேர்ந்த பின்னர், எஞ்சிய பல்லைப் பற்றிய அக்கறையே நமக்கு முடிவு சொல்லட்டும்.